மலைக்குப் போகலாமா, காடு எரிகிறதா? கோடை வெயிலும் காட்டுத்தீயும்

வேளச்சேரிவாசி

வணக்கம். சென்னையில் பத்து நாளாக ஃபேன் காற்றே சூடாகத்தான் வருகிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும், ஏப்ரல் மூன்றாவது வாரம் கொடைக்கானல் போவதாகத் திட்டம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சான். அதில் ஒரு நாள் காட்டுக்குள் மலையேற்றம் என்பது மச்சானின் ஆசை.

மதுரையில் இருக்கும் அம்மா, "மலையெல்லாம் எரியுதாம், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போகாதே" என்கிறார். மச்சானோ, "காட்டுத்தீ எல்லாம் கத்திரி வெயிலில்தான் வரும், நாம் அதற்கு முன்னாலேயே போய்விட்டு வந்துவிடுவோம்" என்கிறான். நாசாவின் தீ வரைபடத்தைத் திறந்தால் பழனி மலைப் பக்கம் சிவப்புப் புள்ளிகளாக இருக்கிறது. யார் சொல்வது சரி? மலையோரத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

லேனா_திருச்சி

போய்விட்டு வாருங்கள் சார். இங்கே இருந்தால் வெயிலில் சாவோம், அங்கே போனால் குளிரில் சாவோம், அவ்வளவுதான். :)

போடிக்காரன்

உங்கள் மச்சான் சொல்வது தப்பு. கோபித்துக்கொள்ள வேண்டாம், ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

எங்கள் போடி மலையில் மலையேற வந்தவர்கள் மாட்டிக்கொண்ட குரங்கணித் தீ என்றைக்கு நடந்தது? 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கர்நாடகத்தின் பந்திப்பூர் காடு பற்றி எரிந்தது 2019 பிப்ரவரியில். குன்னூரில் ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றியது 2024 மார்ச்சில். மூன்றில் ஒன்றுகூடக் கத்திரியில் இல்லை. கத்திரி தொடங்குவதே மே முதல் வாரத்தில்தான்.

காரணம் எளிது. எங்கள் பக்கத்து மலைகளில் கீழ்ச்சரிவு முழுக்க இலையுதிர் காடு. தை, மாசியில் இலை கொட்டிவிடும். அக்டோபர், நவம்பர் மழையில் ஆளுயரம் வளர்ந்த புல் அதற்குள் சருகாகி நிற்கும். மாசியிலும் பங்குனியிலும் மேலே மழை கிடையாது, காற்று மட்டும் உண்டு. அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்குத் தீக்காலம். சித்திரையில் நான்கு கோடைமழை விழுந்துவிட்டால் கீழே ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும், மேலே புல் பச்சை கட்டியிருக்கும். கீழே அதிகச் சூடு இருக்கும் மாதமும் மேலே அதிக ஆபத்து இருக்கும் மாதமும் வேறு வேறு. அதைப் புரிந்துகொள்ளாமல்தான் வெளியூர் ஆட்கள், "இன்னும் வெயில் காலமே வரலையே" என்று மார்ச்சில் மலையேற வருகிறார்கள்.

வானிலைக்கிறுக்கன்

போடி அண்ணன் சொல்வது சரி, ஆனால் பாதிதான். கோடைமழை வராத வருடம் என்ன ஆகும்?

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முழுக்க உள்மாவட்டங்களில் மழை இல்லை, ஈரோடு பக்கம் நாள் கணக்காக 40ஐத் தாண்டியது. ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி. அங்கே அதுவரை பதிவானதிலேயே அதிகம் அதுதான். அதே சமயத்தில் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காடு நாள் கணக்காக எரிந்தது. மார்ச்சோடு முடிய வேண்டிய தீக்காலம் மே வரை இழுத்துக்கொண்டு போனது. ஆக, தேதியைப் பார்த்துப் பயனில்லை, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

29 டிகிரியா, எங்கள் வீட்டு ஏசியே அதில்தான் ஓடுகிறது என்று யாராவது சிரிப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்திய வானிலைத் துறை வெப்ப அலை என்று அறிவிப்பதற்கான அளவு ஊருக்கு ஊர் மாறும். சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடற்கரையில் 37, மலையில் 30. அதோடு வழக்கமான வெப்பத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஊட்டிக்கு 29 என்பது சமவெளிக்கு 39 மாதிரி. வெப்ப அலை வாசலில் வந்து நிற்கிறது என்று அர்த்தம்.

வெயில் வாரக்கணக்கில் நீண்டால் ஏன் மோசம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தீயை ஆராய்பவர்கள் காய்ந்த விறகுகளை, ஈரம் மாற எடுக்கும் நேரத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். புல், சருகு, விரலைவிட மெல்லிய சுள்ளி எல்லாம் ஒரு மணி நேர ரகம். காலையில் பனியில் நனைந்திருக்கும், ஒன்பது மணி வெயிலில் மொறுமொறு. மூன்று அங்குலத்துக்கு மேல் கனமான கட்டை ஆயிரம் மணி நேர ரகம், அதாவது ஆறு வாரம். இரண்டு நாள் வெயில் அடித்தால் சருகு மட்டும்தான் எரியும், தீ ஓடிப்போய்விடும். ஆறு வாரம் அடித்தால் விழுந்து கிடக்கும் மரமே அடுப்பாகிவிடும். அணைத்துவிட்டோம் என்று இறங்கி வந்தவர்கள் மறுநாள் அதே இடத்துக்கு ஏன் ஓடுகிறார்கள் என்றால் இதனால்தான்.

சோழவந்தான்_பெரியவர்

இவ்வளவு கணக்கு எதற்குத் தம்பி? மூங்கில் ஒன்றோடொன்று உரசும், பொறி வரும், காடு பிடிக்கும். இயற்கையாகவே நடப்பதுதானே. எங்கள் தாத்தா காலத்திலிருந்து சொல்வது.

போடிக்காரன்

ஐயா, நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். என் சித்தப்பா தீத்தடுப்புக் காவலராக இருந்தவர். மூங்கில் உரசியதைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்லும் ஒரே பதில்: "அந்த மூங்கிலுக்கு ரெண்டு காலு, வாயில ஒரு பீடி."

எங்கள் காட்டில் தீ என்றால் கிட்டத்தட்ட எல்லாமே மனிதன் வைத்ததுதான். மழைக்குப் பிறகு இளம்புல் வரட்டும் என்று மாடு மேய்ப்பவர் வைப்பது, தேன் எடுக்கப் போய்ப் பந்தத்தை அப்படியே போட்டுவிட்டு வருவது, தோட்டத்துக் குப்பையைக் கொளுத்திக் காற்றில் கைவிடுவது, சுற்றுலா வந்தவர்கள் பிரியாணி போட்ட அடுப்பு. முன்விரோதத்தில் வைப்பதும் உண்டு. மின்னல் விழுந்து பிடிக்கலாம்தான், ஆனால் நம் ஊரில் மின்னல் பெரும்பாலும் மழையோடு வருகிறது. இயற்கை என்று சொல்லிவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அதனால்தான் மூங்கில் கதை சாகாமல் இருக்கிறது.

வானிலைக்கிறுக்கன்

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெயில் தீ வைப்பதில்லை. காய்ந்த இலை தானாகப் பற்றிக்கொள்ள 45 டிகிரி எல்லாம் போதவே போதாது, இருநூறுக்கு மேல் வேண்டும். வெயிலின் வேலை ஒன்றுதான். சாதாரண நாளில் பத்துப் பீடியில் ஒன்றுகூடப் பிடிக்காத சருகை, ஒரே பீடியில் பிடிக்க வைப்பது.

நெறியாளர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த ஆட்சியில் அதிகம் எரிந்தது என்ற கணக்கை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்க்காரி

நீலகிரியில் இன்னொரு விஷயமும் உண்டு. எங்களுக்குத் தீயின் கதை வெயிலில் தொடங்குவதில்லை, பனியில் தொடங்குகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது சுற்றுலா வந்தவர்கள் புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த வெள்ளைப் புல் ஒரு வாரத்தில் கருகிப் பழுப்பாகிவிடும். பிப்ரவரி வெயில் வருவதற்கு முன்னாலேயே விறகு தயார்.

2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் ஃபாரஸ்ட்டேல் காட்டில் பிடித்தது ஒரு வாரம் போல எரிந்தது. இரவில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மலையில் யாரோ ஆரஞ்சு நிறத்தில் கோலம் போட்ட மாதிரி இருக்கும். பகலில் புகை. துணி காயப்போட முடியாது, அம்மாவுக்கு மூச்சு இழுப்பு. சூலூரிலிருந்து விமானப்படையின் எம்.ஐ-17 ஹெலிகாப்டர் வந்து ராலியா அணையில் பெரிய பையைத் தோய்த்துத் தோய்த்து ஊற்றியது. ஊரே மொட்டை மாடியில் நின்று பார்த்தது. மொத்தம் ஏறக்குறைய 16,000 லிட்டர் என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரிக் கணக்கில் இரண்டு நடைகூட இல்லை. ஆட்கள் போக முடியாத பள்ளத்துக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாரமும் பச்சைக் கிளையை ஒடித்து அடித்து அடித்துத் தீயைப் படுக்க வைத்தவர்களை யாரும் படம் எடுக்கவில்லை.

எங்கள் மலையில் முன்பு சோலையும் புல்வெளியும்தான். சோலைக்குள் தீ எளிதில் நுழையாது, உள்ளே நின்றால் மத்தியானத்திலும் தரை ஈரமாக இருக்கும். பிறகு வந்ததுதான் கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ், சீகை என்னும் வாட்டில் மரம், பைன். கற்பூர மரத்தின் இலையில் எண்ணெய், பைன் மரத்தின் கீழே மெத்தை மாதிரி ஊசிச் சருகு. நட்டதே எரியத்தானோ என்று தோன்றும்.

மெல்பர்ன்_செல்வி

இங்கே ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுகிறேன். 2009 ஜனவரி கடைசியில் மெல்பர்னில் தொடர்ந்து மூன்று நாள் 43 டிகிரிக்கு மேல். நான் வந்து இரண்டாவது வருடம். "மதுரைக்காரிக்கு இதெல்லாம் ஒரு வெயிலா" என்று எகத்தாளம் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் ரயில் நின்றது, மின்சாரம் போனது, பேச்சும் நின்றது. அதற்கு அடுத்த வாரம், பிப்ரவரி 7, சனிக்கிழமை, 46.4 டிகிரி. அன்றைக்குப் பிடித்த தீயில் 173 பேர் இறந்தார்கள். கறுப்புச் சனி என்று இன்றும் சொல்கிறார்கள்.

எல்லோருக்கும் அந்த 173 தெரியும். அதற்கு முந்தைய வார வெப்ப அலையில் விக்டோரியா மாநிலத்தில் வழக்கத்தைவிட 374 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று சுகாதாரத் துறை பிற்பாடு கணக்குச் சொன்னது. தீயில் போனவர்களைப் போல இரண்டு மடங்கு. பெரும்பாலும் வயதானவர்கள், வீட்டுக்குள்ளேயே. புகையும் இல்லை, படமும் இல்லை, அதனால் நினைவிலும் இல்லை. வேளச்சேரி அண்ணா, உங்கள் அம்மா காட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நீங்கள் மதுரையில் தனியாக இருக்கும் அவர்களைப் பார்த்துப் பயப்படுங்கள்.

இன்னொன்று. கறுப்புச் சனியன்று சாயங்காலம் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அப்பாடா என்று இருக்க வேண்டிய நேரம், ஆனால் பெரிய சேதம் அதில்தான். அதுவரை ஒல்லியாக நீளமாக ஓடிக்கொண்டிருந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் காற்று திரும்பியதும் முன்பக்கம் ஆகிவிட்டது. இப்போது இங்கே சாலையோரம் அரைவட்டப் பலகையில் முள் வைத்து அன்றன்றைக்கு ஆபத்து எவ்வளவு என்று காட்டுகிறார்கள். 2022இலிருந்து நான்கு படிகள்: மிதமானது, அதிகம், மிக அதிகம், பேரழிவு. கடைசிப் படிக்கு முள் போனால் அந்தப் பக்கம் இருக்கவே கூடாது, முதல் நாளே கிளம்பிவிட வேண்டும். முழுத் தீத்தடை நாளில் வெட்டவெளியில் கரி அடுப்பு மூட்டினாலே குற்றம். வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் வழியில் அப்படி ஒரு பலகையை நான் பார்த்ததில்லை.

லேனா_திருச்சி

முள்ளை யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் அக்கா.

தாளவாடியான்

எல்லோரும் தீயே கூடாது என்கிறீர்கள். கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், அடிக்க வராதீர்கள்.

எங்கள் சத்தியமங்கலம் காட்டுக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், பிலிகிரிரங்கன் மலை. இரண்டு பக்கமும் சோளகர் பழங்குடியினர் இருக்கிறார்கள். அந்த மலைச் சோளகர்களிடம் "தரகு பெங்கி" என்று ஒரு வழக்கம் இருந்தது, சருகுத் தீ என்று அர்த்தம். சருகு இன்னும் முழுக்கக் காயாத, பனி இருக்கும் பருவத்தொடக்கத்திலேயே இங்கொரு துண்டு அங்கொரு துண்டாக எரித்துவிடுவார்கள். கணுக்கால் உயரத் தீ, மரத்தைத் தொடாது, ராத்திரிப் பனியில் தானாக அவிந்துவிடும். கோடை வரும்போது எரிய ஒன்றும் இருக்காது. மரத்தில் ஏறும் புல்லுருவியும் அடங்கும், நெல்லி நன்றாகக் காய்க்கும் என்பது அவர்கள் கணக்கு. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, 1974இல் அந்த மலை சரணாலயம் ஆனது, தீ வைப்பது குற்றம் ஆனது. அப்புறம் என்ன வந்தது? உண்ணிச்செடி. அலங்காரத்துக்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி, இன்று காட்டுக்குள் ஆள் நுழைய முடியாமல் பின்னிக் கிடக்கிறது. சின்னத் தீயை நிறுத்தியதால்தான் அது இப்படிப் பரவியது என்று சோளகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். காய்ந்தால் அது ஏணி. தரையில் ஓடுகிற தீ அதைப் பிடித்து மரத்தின் தலைக்கு ஏறிவிடும்.

குன்னூர்க்காரி

நீங்கள் சொல்வது சோளகர்களுக்குப் பொருந்தும். அதைப் படித்துவிட்டு நாளைக்கு யாரோ ஒருவர் "பாரம்பரிய முறை" என்று மார்ச் மாதம் மத்தியானம் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் வைப்பார். அவருக்கும் உண்ணிச்செடிக்கும் சம்பந்தமே இருக்காது. இன்னொன்று, அன்றைக்கு உண்ணிச்செடி இல்லாத காட்டில் அவர்கள் வைத்த தீ. இன்று அதே தீயை இந்தப் புதருக்குள் வைத்தால் கணுக்கால் உயரத்தில் நிற்குமா?

தாளவாடியான்

நிற்காது. அதை ஒப்புக்கொள்கிறேன். முதலில் செடியை வேரோடு பிடுங்க வேண்டும், அப்புறம்தான் மற்றதைப் பேச முடியும். ஆனால் எந்த மாதம், எந்த நேரம், எந்தச் சரிவு என்று தெரிந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தெரியாதவர்களிடம் காட்டைக் கொடுத்ததும் உண்மைதானே.

குன்னூர்க்காரி

அதில் சண்டை இல்லை.

வேளச்சேரிவாசி

நிறையத் தெரிந்துகொண்டேன், எல்லோருக்கும் நன்றி. அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்றைக்கு இன்னும் நான்கு கூடியிருக்கிறது.

வானிலைக்கிறுக்கன்

புள்ளியைப் பார்த்து மிரள வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். செயற்கைக்கோள் சூட்டைத்தான் பார்க்கிறது, காட்டை அல்ல. பழைய மோடிஸ் கருவிக்கு ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர், புதிய விர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். கட்டத்துக்குள் ஒரு மூலையில் கரும்புச் சோகை எரிந்தாலும் முழுக் கட்டத்துக்கும் ஒரு புள்ளி வரும். பெரிய புள்ளி என்றால் பெரிய தீ என்று இல்லை. மறுபக்கம், விர்ஸ் மேலே கடப்பது பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை வாக்கில். மூன்று மணிக்குப் பிடித்து ஏழு மணிக்கு அணைந்த தீ அதன் கண்ணில் படாமலே போகலாம். மேகம் இருந்தாலும் தெரியாது.

ஒரு புள்ளி தனியாக வந்து மறுநாள் காணாமல் போனால் விட்டுவிடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக வந்து, மறுநாள் அந்த வரிசை நகர்ந்திருந்தால் அது காட்டுத்தீ. இந்திய வன ஆய்வு நிறுவனம் இதே தகவலைக் காட்டு எல்லையோடு ஒப்பிட்டு வனத்துறைக்கு அனுப்புகிறது. நாமும் பதிவு செய்துகொண்டால் நம் பகுதி எச்சரிக்கை கைப்பேசிக்கே வரும்.

போடிக்காரன்

மலையேற்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

குரங்கணியில் அன்றைக்குக் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள்தான் மாட்டினார்கள். 23 பேர் இறந்துபோனார்கள். பாதிப்பேர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். அன்று சாயங்காலம் போடியில் ஆம்புலன்ஸ் சத்தம் நிற்கவே இல்லை. முதலில் மேலே ஓடிப்போனவர்கள் எங்கள் ஊர், முந்தல், குரங்கணி ஆட்கள். போர்வையில் கட்டித் தூக்கி இறக்கினார்கள். அதில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். இன்றுவரை அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே நாற்பது பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு இணையத்தில் பதிவு செய்யும்படி வைத்தது. தீக்காலத்தில் நிறுத்தியும் வைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத பாதையில், "எனக்கு ஃபாரஸ்ட்ல ஆள் தெரியும்" என்று யாராவது கூட்டிப் போவதாகச் சொன்னால் போகாதீர்கள். வாட்ஸப்பில் வரும் விளம்பரத்தில் பாதி அப்படித்தான்.

சித்தப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. தீயைக் கண்டால் மேட்டைப் பார்த்து ஓடாதே. நமக்கு ஏற்றம் கஷ்டம், தீக்கு ஏற்றம்தான் சுகம். மேலே இருக்கிற புல்லைச் சுடவைத்துக் காயவைத்துக்கொண்டே ஏறும். சரிவு பத்து டிகிரி கூடினால் அதன் வேகம் இரட்டிப்பு. பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேலேதான் வீசும். குறுகிய ஓடைப்பள்ளத்துக்குள் இறங்காதே, அது புகைபோக்கி. பக்கவாட்டில் நகர்ந்து, ஏற்கெனவே எரிந்து கரியாகக் கிடக்கும் இடத்துக்குப் போ. எரிந்த இடம் மறுபடி எரியாது. இல்லையென்றால் புல் இல்லாத பாறை, வண்டிப்பாதை. பாலியஸ்டர், நைலான் துணியோடு காட்டுக்குள் வராதே, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திதான்.

மலையேற்றம் என்ற பெயரில் கால்சட்டை முதல் தொப்பி வரை நைலானில் வாங்குகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சோழவந்தான்_பெரியவர்

தம்பி, மூங்கில் விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

போடிக்காரன்

அவர் போய் நான்கு வருடம் ஆகிறது ஐயா. இருந்தாலும் சொல்கிறேன்.

மெல்பர்ன்_செல்வி

வேளச்சேரி அண்ணா, அம்மா விஷயம் என்ன ஆயிற்று?

வேளச்சேரிவாசி

நேற்று ஃபோன் செய்தேன். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில்தான் படுக்கிறாராம், "ராத்திரியெல்லாம் சுவர் அனல் அடிக்குது" என்கிறார். மூன்று நாளாக மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை, தலை சுற்றல். அதைச் சொல்லாமல் காடு எரிகிறது என்று மட்டும் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

திட்டத்தை மாற்றியாயிற்று. மலையேற்றம் இல்லை. இந்த வெள்ளிக்கிழமையே மதுரை போய் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் ஊருக்குள் மட்டும் ஐந்து நாள். விடுதியில் முன்பணம் திரும்பத் தரமாட்டோம், தேதி வேண்டுமானால் மாற்றித் தருகிறோம் என்றார்கள், சரி என்றுவிட்டேன். காரில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், இரண்டு குடம் தண்ணீர்.

குன்னூர்க்காரி

நல்லது. சாப்பிடாமலும் தலை சுற்றலோடும் இருப்பவரை வெள்ளி வரை விடாதீர்கள், பக்கத்து வீட்டில் சொல்லி இன்றைக்கே கீழே உள்ள அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ 108. அது வரும் வரை ஈரத் துணி போட்டு விசிறச் சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசி

சொல்லிவிட்டேன் சகோதரி. கீழ் வீட்டு அக்கா கூட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போதுதான் மோர் குடித்தாராம்.

மச்சான்தான் கோபமாக இருக்கிறான். மலையேற்றத்துக்கென்று புது ஷூவும், மேலிருந்து கீழ்வரை நைலானும் வாங்கிவிட்டானாம்.

போடிக்காரன்

நைலானை வீட்டில் வைத்துவிட்டு, ஷூவோடு அக்டோபர் கடைசியில் வரச் சொல்லுங்கள். அப்போது தீ இருக்காது, அட்டைதான் ஏறும். உப்பு நான் கொண்டு வருகிறேன்.